அரியமானில் தூண்டில்: கூட்டத்தில் மீன் கடிக்காது

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் பக்கம் அரியமான் கடற்கரையில் தூண்டில் போட்டு ஒன்றும் சிக்கவில்லை, குளிக்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்கிறீர்கள். வந்தது நியாயம்தான் அண்ணே, பிள்ளைகள் காலில் தூண்டில் முள் ஏறினால் யார் பதில் சொல்வது? பாக் ஜலசந்திப் பக்கம் ஆழமில்லாத கடல். அத்தனை பேர் கலக்கினால் மீன் ஒதுங்கிவிடும்.

குடும்பம் சவுக்குத் தோப்பில் இருக்கட்டும். நீங்கள் விடியுமுன் ஆற்றங்கரை என்கிற ஊருக்குப் போங்கள், வைகை கடலில் சேரும் இடம். சின்ன முள், உரித்த இறால் துண்டு, இரை தரையில் கிடக்கிற அளவுக்கு ஈயம். கிழங்கான் கடிக்கும். மடவை துள்ளித் துள்ளி ஆசை காட்டும், இறாலைச் சீண்டாது. கெளுத்தி வந்தால் முதுகு முள், பக்க முள் இரண்டையும் பார்த்துப் பிடியுங்கள்; குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைங்க. பந்தாக உப்புகிற பேத்தை மீன் விஷம், திரும்ப விட்டுவிடுங்கள். வலை கட்டியிருக்கிற பக்கம் மட்டும் வீசாதீங்க.