வாசகர் கேள்விகள்: நிலவிலும் ஓர் ஒப்பந்தக் கூலி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தின் சென்ற மாதச் சந்திப்பில், டங்கன் ஜோன்ஸ் இயக்கத்தில் 2009ஆம் ஆண்டு வெளிவந்த ‘மூன்’ என்னும் ஆங்கிலப் படத்தைத் திரையிட்டார்கள். அதனால் இம்முறை வந்த கேள்விகள் யாவும் அதைப் பற்றியவையே. பதில்களில் கதையின் முடிச்சு அவிழ்கிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: நிலவில் தனியாக வேலை செய்யும் ஒருவனின் கதை. சண்டையும் இல்லை, வேற்றுக்கிரகவாசியும் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த என் பாட்டியின் நினைவு வந்து கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்த பேரன் சிரித்தான். எனக்கு மட்டுந்தான் இப்படியா, ஐயா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: சிரித்த பேரனை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், அம்மா. விண்கலத்தையும் இயந்திரங்களையும் எடுத்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிறுவனம் ஓர் ஆளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கண்காணாத இடத்துக்கு அனுப்புகிறது. அவன் தோண்டி அனுப்பும் பொருளால் உலகத்தில் விளக்கு எரிகிறது. கெடு முடிந்ததும் மனைவி மகளிடம் திரும்பிவிடலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு, திரும்பும் பயணமே கிடையாது என்பதும், தான் ஒருவனின் நகல் என்பதும், தனக்கு முன்பும் அதே முகத்தோடு பலர் வந்து அதே நம்பிக்கையோடு மாண்டிருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிகிறது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிகளுக்கான ஆள்சேர்ப்பு 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள்சேர்த்து வரும் கங்காணி முறையோ இந்திய அரசு 1938இல் தடை விதிக்கும்வரை நீடித்தது. ‘நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம்’ என்ற பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்குக் கண் கலங்காவிட்டால்தான் வியப்பு.

இன்னொன்றும் கவனியுங்கள். நிலவு சராசரியாக 384,400 கிலோமீட்டர் தொலைவில் இருந்தாலும், ஒரு சொல் அங்கிருந்து பூமிக்கு வந்துசேர 1.3 விநாடி போதும். படத்தின் நாயகனுக்கு நேரடிப் பேச்சு வாய்க்காததற்குத் தொலைவு காரணமன்று. செயற்கைக்கோள் பழுது என்று நிறுவனம் சொல்கிறது. உண்மையிலோ நிலையத்தைச் சுற்றிக் கோபுரங்களை நட்டு அலைகளை மறித்து வைத்திருக்கிறது. நிலையம் நிலவின் மறுபக்கத்தில் இருப்பதால் பொய்யும் எளிதில் எடுபடுகிறது. அங்கிருந்து நிலவையே தாண்டி அலை வர இயலாது. சீனா 2019இல் மறுபக்கத்தில் சாங்கே-4 கலத்தை இறக்குவதற்கு முந்திய ஆண்டே தொடர்புக்கென ஒரு செயற்கைக்கோளை அனுப்ப வேண்டியிருந்தது.

என் தாத்தா ஊரிலிருந்து வந்த கடிதங்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். மடிப்புகளிலெல்லாம் காய்ந்த ரப்பர் பாலின் கறுப்பு விரற்பதிவுகள். படிக்கத் தெரியாதவர், வேலை முடிந்து வந்து அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார். படத்தில் அவன் மனைவியின் பழைய ஒளிப்பதிவைப் போட்டுப் பார்க்கும் காட்சியில் எனக்குத் தகரந்தான் தெரிந்தது. கோபுரங்களைத் தாண்டி வண்டியை ஓட்டிப்போய் வீட்டுக்குப் பேசும்போது, மனைவி இறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும், குழந்தையாக நினைத்திருந்த மகளுக்கு வயது 15 என்பதையும் அவன் அறிகிறான். சாம் ராக்வெல் அந்த இடத்தில் கத்திக் கதறாமல் நடித்திருப்பது பெரிய காரியம்.

கேள்வி: படத்தில் அவன் தோண்டி அனுப்பும் ஹீலியம்-3 என்ற எரிபொருள் உண்மையா, கற்பனையா? (ஐந்தாம் படிவ மாணவர்)

பதில்: பொருள் உண்மை. காற்றுமண்டலமோ வலுவான காந்தப்புலமோ இல்லாத நிலவின் மண்ணில் சூரியக் காற்று அதைக் காலங்காலமாகப் படியவைத்திருக்கிறது. ஆனால் மிகமிக நுண்ணிய அளவில். அதை எரிபொருளாக்கி மின்சாரம் தரும் அணுக்கருப் பிணைவு நிலையம் இன்றுவரை எங்கும் இல்லை.

கேள்வி: உண்மையாகவே நிலவுக்கு அப்பால் தனித்திருந்தவர் உண்டா? (செம்பனைத் தோட்டத் தொழிலாளர்)

பதில்: உண்டு. 1969இல் இரு தோழர்கள் நிலவில் இறங்கியபோது, மைக்கேல் காலின்ஸ் கலத்தில் தனியாக நிலவைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 48 நிமிடம் எவருடனும் தொடர்பில்லை. ஆனால் தனக்கு அச்சமோ தனிமையுணர்வோ இருக்கவில்லை என்றே அவர் பின்னாளில் எழுதினார். மறுபடி பூமி தெரியும், பேச்சு வரும் என்பது அவருக்கு நிமிடக் கணக்கில் தெரிந்திருந்தது. படத்து நாயகனுக்கு இல்லாமற்போனது அந்தக் கணக்குத்தான்.

கேள்வி: படத்தில் நிலையத்தில் அவனோடு இருக்கும் அந்தப் பேசும் இயந்திரம் நல்லதா, கெட்டதா? நிறுவனத்தின் ஆள்தானே அது? (இல்லத்தரசி)

பதில்: நிறுவனத்தின் ஆள்தான், பொய்யும் சொல்கிறது. ஆனால் அவன் உண்மையைத் தேடிக் கணினியின்முன் திணறும்போது, கடவுச்சொல்லைத் தானே தட்டிக் கொடுக்கிறது. எங்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணியும் துரையின் ஆள்தான், ஆள்பேர் (வருகைப் பதிவு) போடும்போது ஈவிரக்கம் பார்க்காதவர். அவரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, தாத்தாவின் தகரத்திலிருந்த கடிதங்களில் ஒன்றையே எத்தனையாவது தடவையோ உரக்கப் படித்துக் காட்டுவார்.