மைக்ரோபைபர் பொலிஷ் பாட் கன நாள் உழைக்க என்ன செய்யலாம்?

கிளிநொச்சியில் புதிதாகக் கார் பொலிஷ் செய்யத் தொடங்கியவர் கேட்டிருக்கிறார்: இரண்டு மூன்று காரோடு, மெஷினில் மாட்டும் பாட் (ஸ்பொஞ்சில் நார் ஒட்டிய வட்டு) பிய்ந்துபோகிறதாம்.

பெரும்பாலும் சூடுதான் காரணம். மெஷின் வேகத்தைக் கூட்டி அழுத்திப் பிடித்தால் நார்கள் தட்டையாகிவிடும். நாரையும் ஸ்பொஞ்சையும் பிடித்திருக்கும் பசையும் இளகும். நடுப்பகுதிதான் முதலில் கழரும். கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் உடனே வேறு பாட்டை மாற்றிப் போடுங்கள். ஒரு காருக்கு நாலைந்து பாட்டாவது வேண்டும். செலவு என்று தோன்றும், ஆனால் ஒன்றையே போட்டு வதைப்பதைவிட இலாபம்.

கொம்பவுண்ட் (கீறலைத் தேய்த்தெடுக்கும் பொலிஷ் களிம்பு) நாலு சொட்டுப் போதும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பாட்டைக் கொம்பிரசர் காற்றால் ஊதிச் சுத்தமாக்குங்கள். இல்லாவிட்டால் நைலோன் பிரஷ்.

நம்மூர்ச் செம்மண் புழுதி தனிப் பிரச்சினை. காரை நன்றாகக் கழுவாமல் மெஷினைத் தொடாதீர்கள். நிலத்தில் விழுந்த பாட்டைத் தட்டிவிட்டுத் திரும்பப் போடவே வேண்டாம், கீறிவிடும்.

வேலை முடிந்ததும் காயவிடாமல் இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புத் திரவம் விட்டுக் கழுவுங்கள். துணி மிருதுவாக்கி, பிளீச் இரண்டும் கூடாது. கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் கடைசி அலசலுக்கு மழைநீர் நல்லது. அப்புறம் நிழலில் காயவிடுங்கள், தகரக் கூரை மேல் அல்ல!