ரோமானியர்களும் பாரசீகர்களும் 700 வருஷம் சண்டை போட்டும் ஏன் யாராலும் முழுசாக ஜெயிக்க முடியவில்லை?

நீங்கள் ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர் போலத் தெரிகிறது, அதனால் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடிக்க முடிந்தது, வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைய பாக்தாத் பக்கம் இருந்த டெசிபோன் என்ற பாரசீகத் தலைநகருக்குள் ரோமப் படை 116, 165, 198 என்று திரும்பத் திரும்பப் புகுந்து கொள்ளையடித்தது. ஆனால் அதற்கு அப்பால் சாக்ரோஸ் மலை, அதன் பின்னால் ஈரான் பீடபூமி. அவ்வளவு தூரம் படைக்குச் சோறு போடவே முடியாது, அதோடு ஐரோப்பாவில் டான்யூப் நதி எல்லையிலும் ஆள் வேண்டும். பாரசீகர்களுக்கும் கிழக்கே தலைவலிதான், 484இல் அவர்களுடைய அரசர் பெரோஸே ஹெப்தலைட்டுகள் என்ற மத்திய ஆசிய மக்களோடு சண்டை போட்டுச் செத்தார்.

(பார்த்தியர் வேறு, சாசானியர் வேறு என்று சொல்ல வருகிறவர்களே, தெரியும். பாரசீகத்தை முதலில் ஆண்டது பார்த்திய வம்சம், பிறகு சாசானிய வம்சம், ஆட்சி கைமாறியது 224இல். கேள்வி கேட்டவருக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.)

இதை ஏன் இவ்வளவு வேகமாக எழுதுகிறேன் என்றால், கல்லூரியில் ஒரு வினாடி வினா இறுதிச் சுற்றில் "போரில் உயிரோடு பிடிபட்ட ரோமப் பேரரசர் யார்" என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை, "வலேரியன், 260, எடெஸா பக்கத்தில், பிடித்தவர் பாரசீக அரசர் முதலாம் ஷாப்பூர்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நடுவர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தவறு என்றார். அட்டையில் இருந்த பெயர் கிராஸஸ் என்ற ரோமத் தளபதி! அவர் பேரரசரே இல்லை ஐயா, கி.மு. 53இல் ரோமில் பேரரசர் என்கிற பதவியே கிடையாது, அதுவும் அவர் கார்ரே என்ற ஊரில் பார்த்தியரிடம் தோற்ற கையோடு கொல்லப்பட்டார், எங்கே உயிரோடு பிடிபட்டார்? நக்‌ஷ்-இ-ரோஸ்தம் என்ற ஈரானியப் பாறையில் ஷாப்பூர் குதிரைமேல் உட்கார்ந்திருக்க ரோமானியர்கள் அவர் முன்னால் நிற்பதும் மண்டியிடுவதுமாகச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள் என்று கூடச் சொன்னேன். "அட்டையில் இருப்பதுதான் விடை" என்றார். 10 மதிப்பெண்ணில் இரண்டாம் இடம்.

இருபது வருஷக் கதையை இன்னும் பிடித்துத் தொங்குகிறான் என்பீர்கள். இருக்கட்டும். ரோமானியர்களும் பாரசீகர்களும் 602இலிருந்து 628 வரை கடைசியாக மோதி, எல்லைக்கோடு பழைய இடத்துக்கே வந்து, இருவரும் ஓய்ந்துபோன நேரத்தில் அரபுப் படை வந்து, 651க்குள் சாசானிய அரசையே முடித்துவிட்டது. அதைவிட என் கோபம் நியாயமானது.

அப்புறம் இன்னொன்று. மூன்று பேர் அணிக்கு அன்றைக்கு இரண்டு சாப்பாட்டு டோக்கன்தான் கொடுத்தார்கள்.