ஹேஷ்டேக் போட்டாயிற்று, அடுத்து என்ன?

கேள்வி: நான் இருபத்தாறு வயதுப் பெண், அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். உலகம் முழுக்கப் பெண்கள் உரிமைக்காகப் போராடுவதை ஃபோனில் தினமும் பார்க்கிறேன். பகிர்கிறேன், ஹேஷ்டேக் போடுகிறேன், இணைய மனுக்களில் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு நாளில் எல்லாம் அடங்கிவிடுகிறது. உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று தேடினால் தளங்கள் வந்து குவிகின்றன. எங்கே ஆரம்பிப்பது, எதை நம்புவது? சமீபத்தில் ஒரு பதிவுக்காகக் கண்டபடி வசை வந்ததில் பயமும் சேர்ந்துவிட்டது. வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

பயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது மனதில் உட்கார்ந்திருக்கும்போது வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. உங்களுக்கு வசை வந்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. உரிமை பற்றிப் பேசும் பெண்ணை மிரட்டி வாயை மூட வைக்கும் வேலை எல்லா நாட்டிலும் நடக்கிறது. அதைச் சமாளிக்கும் வழிகளை, பட்டு அறிந்த பெண்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஏ.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் முற்போக்குத் தகவல்தொடர்புச் சங்கம் 2006இல் 'டேக் பேக் த டெக்' என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தைப் பெண்கள் தங்கள் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்கள், மிரட்டிப் பணிய வைப்பவர்கள் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று அதன் தளத்தில் எளிமையாக விளக்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை வசை வந்தால் உடனே அழிக்காதீர்கள். தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பதிவின் இணைப்பையும் தனியாக எடுத்து வையுங்கள். அப்புறம் பிளாக் செய்யுங்கள். இந்த வேலையை நம்பிக்கையான தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்தால் இன்னும் நல்லது. அத்தனை அசிங்கத்தையும் நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, இன்றே போட்டுவிடுங்கள். போராட்டத் தொடர்புகளுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் படிப்படியாகச் செய்து பார்க்க, உரிமைப் பணியாளர்களுக்காகவே எழுதப்பட்ட 'செக்யூரிட்டி இன் எ பாக்ஸ்' என்ற இலவச வழிகாட்டி இருக்கிறது. கணக்கையே யாராவது கைப்பற்றிவிட்டால் 'ஆக்சஸ் நவ்' அமைப்பின் உதவி மையம் இரவு பகல் பார்க்காமல் உரிமைப் பணியாளர்களுக்கு இலவசமாக உதவுகிறது.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டும் ஆட்களுக்கு 2021 டிசம்பரில் ஒரு பதில் வந்தது: 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற தளம். படத்தை நீங்கள் அங்கே ஏற்ற வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கே உரிய ஒரு டிஜிட்டல் கைரேகை உங்கள் ஃபோனிலேயே உருவாகிறது. அது மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே வந்தால் அடையாளம் கண்டு நீக்குவார்கள். 18 வயது நிரம்பியவர்கள் பயன்படுத்தலாம். உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும், ஆனால் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லவாவது தெரிந்து வைத்திருங்கள்.

சரி, இப்போது ஹேஷ்டேக். அதை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அர்ஜென்டினாவில் 2015 ஜூன் 3 அன்று 'நி உனா மெனோஸ்', இனி ஒருத்தியைக்கூட இழக்க மாட்டோம் என்று, பெண்கள் கொல்லப்படுவதை எதிர்த்துப் பெண்கள் தெருவை நிறைத்தார்களே, அந்த அழைப்பு ட்விட்டரில் பெண் பத்திரிகையாளர்களிடமிருந்துதான் கிளம்பியது. ஆனால் அந்த நாட்டில் 1986 முதல் பெண்கள் ஆண்டுதோறும் மாநாடு கூடிப் பேசி வந்திருக்கிறார்கள். கருக்கலைப்பு உரிமைக்கான தேசியப் பிரச்சாரம் 2005இலேயே ஆரம்பித்துவிட்டது. கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது 2020 டிசம்பர் 30 அன்று. வருடக்கணக்கில் விடாமல் நடந்த வேலை அடியில் இருந்ததால்தான் அந்த ஹேஷ்டேக் இரண்டு நாளில் அடங்கவில்லை.

அந்த மாதிரி வேலையை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், என் பதில் பலருக்குச் சப்பென்று இருக்கும்: உங்கள் அரசாங்கம் எழுத்தில் கொடுத்த வாக்குறுதியைத் தேடிப் படியுங்கள். பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1979 டிசம்பர் 18 அன்று ஏற்றது. 'சீடா' என்று சொல்வது இதைத்தான். இன்று 189 நாடுகள் இதற்குக் கட்டுப்பட்டவை. கையெழுத்துப் போட்டும் உறுதி செய்யாத அமெரிக்கா அதில் இல்லை. சேர்ந்த நாடுகள் அவ்வப்போது அறிக்கை கொடுக்க வேண்டும். 23 நிபுணர்கள் கொண்ட குழு ஜெனீவாவில் அரசுப் பிரதிநிதிகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். அந்த அமர்வுகளை ஐ.நா. இணையத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்க்கலாம்.

முடிவில் குழு எழுதித் தரும் ஆவணத்துக்கு 'இறுதி அவதானிப்புகள்' என்று பெயர். ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் தளத்தில் உடன்படிக்கைக் குழுக்களுக்கான ஆவணத் தொகுப்பு இருக்கிறது. அதில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அது வரும். முன்னுரையையும் பாராட்டையும் தாண்டிப் போங்கள். கல்வி, வேலை, உடல்நலம், கிராமப்புறப் பெண்கள், திருமணமும் குடும்பமும் என்று தலைப்புத் தலைப்பாக, எதெது கவலை தருகிறது, அரசு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அதில் உங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று போதும். முந்தைய சுற்று ஆவணத்தில் அதே தலைப்பில் என்ன சொன்னார்கள் என்றும் பாருங்கள். அதே பரிந்துரை மறுபடி வந்திருந்தால், இடைப்பட்ட வருடங்களில் என்ன நடந்தது என்று கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது.

அரசின் அறிக்கைக்குப் பக்கத்திலேயே பெண்கள் அமைப்புகள் அனுப்பிய நிழல் அறிக்கைகளும் இருக்கும். அரசு பூசி மெழுகியதை அவை உரித்துக் காட்டும். நிழல் அறிக்கை எழுதுவது எப்படி என்று கற்றுத்தருவதையே கோலாலம்பூரில் இயங்கும் 'இவ்ரா ஆசிய பசிபிக்' என்ற பெண்கள் உரிமை அமைப்பு பல வருடங்களாகச் செய்து வருகிறது. அதன் வழிகாட்டிகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

இந்தக் காகிதங்களால் என்ன ஆகும் என்று தோன்றலாம். பிரேசிலில் அலினி ட சில்வா பிமென்டெல் என்ற 28 வயதுக் கறுப்பினப் பெண், ஆறு மாதக் கர்ப்பத்தில் சரியான நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் 2002இல் இறந்தார். அவருடைய அம்மா 2007இல் சீடா குழுவிடம் முறையிட்டார். உடன்படிக்கையோடு இணைந்த துணை ஒப்பந்தமான விருப்ப நெறிமுறையை ஏற்ற நாடுகளில், உள்நாட்டில் நியாயம் கிடைக்காத பெண்கள் இப்படி நேரடியாகப் போகலாம். முதலில் அலினியைப் பார்த்தது தனியார் மருத்துவமனை, அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று அரசு கையை விரிக்க முடியாது எனக் குழு 2011இல் சொன்னது. 2014இல் பிரேசில் அந்தத் தாய்க்கு இழப்பீடு கொடுத்தது. ஒரு கர்ப்பிணியின் மரணத்துக்கு ஒரு நாட்டைப் பொறுப்பாக்கி, சர்வதேச மனித உரிமை அமைப்பு ஒன்று முதன்முறையாகச் சொன்ன தீர்ப்பு இது. அந்த முழுத் தீர்ப்பையும் இணையத்தில் படிக்கலாம். படியுங்கள், எத்தனை இடத்தில் அவரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பது நேரம் நேரமாக அதில் இருக்கிறது. என்னால் அதை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

நாடுகளை ஒப்பிட எண்கள் வேண்டுமா? எந்த நாடாளுமன்றத்தில் எத்தனை பெண்கள் என்பதை நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் தொடர்ந்து வெளியிடுகிறது. சட்டங்களை ஒப்பிட உலக வங்கியின் 'பெண்கள், வணிகம், சட்டம்' அறிக்கை 190 பொருளாதாரங்களை அலசுகிறது. 2024 அறிக்கையின்படி ஆண்களுக்குள்ள சட்டப் பாதுகாப்பில் பெண்களுக்குக் கிடைப்பது சராசரியாக 64 சதவீதம். சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தேவையான ஏற்பாடுகளோ 40 சதவீதம்கூட இல்லை. ஆகவே, 'எங்களிடம் சட்டம் இருக்கிறதே' என்று யாராவது சொன்னால் அடங்கிவிடாதீர்கள். புகார் வாங்க ஆள் உண்டா, தங்க இடம் உண்டா, பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். இந்த மூன்றையும் மறைக்கும் தளத்துக்குக் கையெழுத்தும் வேண்டாம், காசும் வேண்டாம். மனுவாக இருந்தால் அது யார் மேசைக்குப் போகிறது, எந்தத் தேதிக்குள் என்று எழுதியிருக்க வேண்டும். நீண்ட காலமாக நிற்கும் அமைப்புகளில் 1982இல் தொடங்கிய உலகளாவிய பெண்கள் உரிமை அமைப்பான ஏ.டபிள்யூ.ஐ.டி., 1984 முதல் இயங்கும் 'முஸ்லிம் சட்டங்களின் கீழ் வாழும் பெண்கள்' வலையமைப்பு இரண்டையும் தைரியமாகத் தொடரலாம். ஆபத்தில் சிக்கிய பெண் செயற்பாட்டாளர்களுக்கு அவசர நிதி தர 'அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்ட்' 1997 முதல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நிதி நின்றால் தளமும் நின்றுவிடும். முக்கியமான ஆவணத்தைத் தரவிறக்கி வையுங்கள், காணாமல் போனதை இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' பெட்டகத்தில் தேடுங்கள்.

கடைசியாக, உங்களால் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று. ஐ.நா. ஆவணங்கள் ஆறு அலுவல் மொழிகளில்தான் வருகின்றன. அந்த மொழிகள் தெரியாத கோடிக்கணக்கான பெண்களுக்கு, தங்களைப் பற்றி அங்கே என்ன சொல்லப்பட்டது என்பதே தெரியாது. நீங்கள் தேர்ந்தெடுத்த தலைப்பில் வரும் இரண்டு மூன்று பத்திகளை உங்கள் மொழியில், பேசுகிற மாதிரி எளிமையாக எழுதுங்கள். ஆவணத்தின் எண்ணையும் பத்தி எண்ணையும் கீழே போடுங்கள். ஏற்கெனவே அந்த விஷயத்தில் களத்தில் இருக்கும் பெண்கள் குழு ஒன்றைத் தேடி, 'இது உங்களுக்குப் பயன்படுமா, வேறு எந்தப் பகுதி வேண்டும்?' என்று கேட்டு அனுப்புங்கள். அடுத்த வேலை என்ன என்பதை அவர்களே சொல்வார்கள்.