நாய்க்கு வாங்கியதில் மிஞ்சிய மூன்று மாத்திரை

கேள்வி: எங்கள் நாய் டைகருக்குப் போன மாதம் காய்ச்சல். கால் நொண்டியது, சாப்பிடவில்லை, உடம்பெல்லாம் உண்ணி. ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் காட்டினோம். டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையில் சரியானது, இப்போது திரும்பவும் படுத்துவிட்டது. கனடாவிலிருக்கும் மைத்துனர் இது லைம் நோய், மனிதருக்கும் வரும் என்கிறார். இடையில் மாமியாருக்கும் காய்ச்சல், மூட்டு வலி. டைகருக்கு உண்ணி பார்த்து நகத்தால் நசுக்கிப் போடுபவர் அவர்தான். மிஞ்சிய மூன்று மாத்திரையைக் கொடுத்தோம், நின்றுவிட்டது. நேற்றிலிருந்து மறுபடி உடம்பு சுடுகிறதாம். லைம் நோய் நாய்க்குத் திரும்பத் திரும்ப வருமா?
– ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி

பதில்: டைகரை அப்புறம் பார்ப்போம். மாமியாருக்கு நாய் மாத்திரையில் மூன்றைக் கொடுத்தீர்களே, அதைப் பேசாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

வாயில்லா ஜீவனை ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனது நல்ல காரியம். வாயுள்ள மனுஷிக்கு மட்டும் மிச்சமா? அவர் ஒருமுறையாவது தோட்டத்து டிஸ்பென்சரிப் படி ஏறினாரா என்று கடிதத்தில் இல்லை. உங்கள் கணவர் என்ன செய்தார் என்பதும் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறாங்க" என்று எனக்கு எழுதுபவர்கள் ஏராளம். வரமாட்டார்கள்தான். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்துவிடுமே என்று காய்ச்சலோடு மலையேறிக் கொழுந்து பறித்துப் பழகியவர்கள் அவர்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போவது பெற்ற மகனின் கடமை. அதை மருமகள் தலையில் மட்டும் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் கணவர் ஒரு நாள் லீவு போடட்டும்.

அந்த மூன்று மாத்திரைக்கு வருகிறேன். நம் இலங்கை மலைநாட்டில் ரிக்கெட்சியா என்ற கிருமியை உண்ணி பரப்பி, மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சல் வருவதுண்டு. காய்ச்சல், தலைவலி, மூட்டு வலி என்று தொடங்கும். சில நாள் கழித்து உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புப் புள்ளிகள் வரலாம். டொக்சிசைக்ளின் உள்ளே போனால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கினால் குணம் என்று அர்த்தமில்லை, மகள். காய்ச்சல் விட்ட பிறகும் குறைந்தது 3 நாள் மருந்து தொடர வேண்டும். நீங்கள் மூன்றோடு நிறுத்தினீர்கள். அடங்கியது திரும்பியிருக்கலாம். எலிக்காய்ச்சலாகவோ டெங்குவாகவோ இருக்கவும் இடமுண்டு. எது என்று டொக்டர் பார்த்து, இரத்தம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குப் புள்ளிக் காய்ச்சல் முற்றினால் உயிருக்கே ஆபத்து. இதைப் படிக்கும்போது உடம்பு சுடாமலிருந்தாலும் கூட்டிப்போங்கள். இவர் உண்ணி நசுக்குபவர், இன்ன தேதியில் இன்ன மாத்திரை கொடுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் டொக்டருக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி.

மைத்துனர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. லைம் நோயை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்சோடிஸ் என்ற உண்ணி பரப்புகிறது. மனிதருக்குக் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு படரும், நாய் கால் மாற்றி மாற்றி நொண்டும். அதற்கும் டொக்சிசைக்ளின் கொடுப்பார்கள், நாய்க்கு 4 வாரம். குணமான பின்னும் புது உண்ணி கடித்தால் மறுபடி வரும்.

டைகருக்கு நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை உண்ணி பரப்பும் வேறு இரண்டு கிருமிகள்: பபேசியாவும் எர்லிக்கியாவும். பபேசியா டொக்சிசைக்ளினால் மட்டும் ஒழியாது. இரத்தத்தில் ஒளிந்திருந்து, நாய் சோர்ந்த நேரம் பார்த்துத் தலைதூக்கும். எர்லிக்கியாவுக்கு 4 வாரம் மாத்திரை வேண்டும். உங்கள் வீட்டில் மூன்று மிஞ்சியிருக்கிறது. டைகருக்கும் முழுதாகக் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றே கொண்டுபோங்கள்.

டைகரை விரட்ட வேண்டாம். நோயைத் தருவது உண்ணிதான். அது லயத்து (தோட்ட வரிசை வீட்டு) சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் சாக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாக்கை எரியுங்கள், வெடிப்பைப் பூசுங்கள், வைத்தியரிடம் உண்ணி மருந்து வாங்குங்கள். கொழுந்து பறித்து வெடித்த விரலால் உண்ணியை நசுக்கினால், அந்தச் சாறு வெடிப்பில் பட்டே கிருமி உள்ளே போகலாம். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். மாமியார் இனி அதைச் செய்யக் கூடாது. உங்கள் கணவர் செய்யட்டும்.