ஜாவா கேள்வி பதில்: ஈக்வல்ஸ் எழுதியும் ஃபால்ஸ் வருகிறதே!

கேள்வி: 'மாணவர்' என்று ஒரு கிளாஸ் எழுதி, பதிவு எண் ஒன்றாக இருந்தால் ட்ரூ தரும்படி ஈக்வல்ஸ் மெத்தட் வைத்தேன். நேரடியாக அழைத்தால் ட்ரூ. அதே எண்ணில் இன்னொரு மாணவரை உருவாக்கி, அர்ரேலிஸ்ட்டில் இருக்கிறாரா என்று கன்டெய்ன்ஸில் கேட்டால் ஃபால்ஸ். எர்ரரும் இல்லை. எங்கே தவறு?
– பி.சி.ஏ. மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இதே தவற்றைத் தேடி நானும் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரே பில் பட்டியலில் இரண்டு முறை ஏறிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸைத் திட்டினேன், பக்கத்து சீட்டுக்காரரைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

உங்கள் மெத்தட்டின் அடைப்புக்குறிக்குள், அதாவது பாராமீட்டர் வகையாக, 'மாணவர்' இருக்கிறது. எல்லாக் கிளாஸுக்கும் மூதாதையான ஆப்ஜெக்ட் கிளாஸின் ஈக்வல்ஸ் வாங்குவதோ 'ஆப்ஜெக்ட்'. பெயர் ஒத்தால் போதாது, பாராமீட்டர் வகையும் ஒத்தால்தான் ஓவர்ரைடு, அதாவது பழையதற்குப் பதிலாக உங்களுடையது ஓடும். நீங்கள் எழுதியது ஓவர்லோடு. பழைய ஈக்வல்ஸ் அப்படியே உயிரோடு இருக்க, பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று. இரண்டில் எது என்பதைக் கம்பைலர் வேரியபிளின் வகையைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துவிடும். நேரடியாக அழைக்கும்போது இரு பக்கமும் மாணவர் என்று அதற்குத் தெரியும், உங்களுடையது ஓடும். அர்ரேலிஸ்ட்டுக்குள் எல்லாமே வெறும் ஆப்ஜெக்ட். அங்கே ஓடுவது பரம்பரையாக வந்த பழையது. அதற்குப் பதிவு எண்ணெல்லாம் கணக்கில்லை; இரண்டும் மெமரியில் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கும்.

சரி, பாராமீட்டரை ஆப்ஜெக்ட் ஆக்குங்கள். உள்ளே, வந்தது மாணவர்தானா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் வைத்துச் சோதித்து, மாணவர் வகையாக மாற்றிக்கொள்ளுங்கள் (காஸ்ட்). மெத்தட்டுக்கு மேல் @ஓவர்ரைடு என்று போடுங்கள். 2004-ல் ஜாவா 5-உடன் வந்த வசதி இது. போட்டிருந்தால் கம்பைலரே உங்களை மறித்திருக்கும். அது கட்டாயமில்லை என்பார்கள். உண்மைதான், எனக்கு இரண்டு நாள் போனதும் உண்மைதான்.

அப்புறம், பொருளுக்கு ஓர் எண்ணைத் தரும் ஹேஷ்கோடு மெத்தட்டையும் கையோடு ஓவர்ரைடு செய்துவிடுங்கள். அர்ரேலிஸ்ட் அதைக் கேட்காது. நாளைக்கு அந்த எண்ணை வைத்துத் தேடும் ஹேஷ்செட்டுக்கு மாறினால் இதே ஃபால்ஸ் திரும்ப வந்து நிற்கும்.

கேள்வி: பொருளை எழுத்தாகத் தரும் டூஸ்ட்ரிங் மெத்தட்டை எழுதும்போது பப்ளிக் போடாமல் விட்டால் ஏன் கம்பைல் ஆகவில்லை?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆப்ஜெக்ட்டில் அது பப்ளிக். அதைவிடக் குறுகிய அனுமதியான புரொடெக்டடாக இருப்பதைப் பிள்ளை கிளாஸ் பப்ளிக் ஆக்கலாம். பப்ளிக்கைக் குறைக்க முடியாது. உங்கள் பொருளை ஆப்ஜெக்ட் என்றே கையில் வைத்திருப்பவர் டூஸ்ட்ரிங்கை நம்பி அழைப்பாரே! செக்டு எக்ஸெப்ஷனும் (கையாளவோ அறிவிக்கவோ வேண்டும் என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை வகை) இப்படித்தான், அப்பா கிளாஸ் அறிவிக்காத புது வகையைப் பிள்ளை வீச முடியாது. ரிட்டர்ன் வகையில் மட்டும் கொஞ்சம் தாராளம்: ஆப்ஜெக்ட் தருவதாகச் சொன்ன மெத்தட், பிள்ளை கிளாஸில் மாணவரைத் தரலாம்.