லேப்ராஸ்கோப்பி சர்ஜன் ஆக ஆசைப்படும் மகளின் பெற்றோருக்கு

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவும் நீளக் கருவிகளும் நுழைத்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையை உங்கள் மகள் தொழிலாக்க விரும்புகிறாள், ரோபோ வந்து இந்த வேலையைப் பறித்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பறிக்காது, ரோபோவின் கைகளை அசைப்பதும் கன்சோல் எனும் கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் சர்ஜன்தான். நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது காலத்தை. மருத்துவப் பட்டம், அதன்பின் பொது அறுவை சிகிச்சை, மகளிர் மருத்துவம், சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சை (யூராலஜி) என ஏதாவது ஒன்றில் மேற்படிப்பு, பிறகுதான் இதற்கான ஃபெல்லோஷிப் எனும் சிறப்புப் பயிற்சி. ஏறத்தாழ பத்து ஆண்டு, சில நாடுகளில் இன்னும் கூடுதல்.

வயிற்றைத் திறந்து செய்யும் முறையையும் அவள் முழுதாகக் கற்றாக வேண்டும். ரத்தக்கசிவு நிற்காவிட்டாலோ, பழைய அழற்சியால் உறுப்புகள் ஒட்டிக்கிடந்தாலோ பாதியில் திறக்கத்தான் வேண்டும். திறக்கத் தயங்குபவர்தான் ஆபத்தான சர்ஜன்.

1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பில் பித்தப்பையை அகற்றியபோது சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. சிறிய காயம், குறைந்த வலி, பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அவசரமாகப் பரவியதில், பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தையே வெட்டிய விபத்துகள் கூடின. அதனால்தான் இன்று, கொழுப்பை விலக்கி, பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்து, அதற்குள் போவது இரண்டே அமைப்புகள் (அதன் குழாயும் ரத்தநாளமும்) என்று கண்ணால் உறுதி செய்த பிறகே, அவற்றை அடைக்கும் கிளிப்பைப் போடச் சொல்கிறார்கள். கைத்திறனைவிட இந்த நிதானத்துக்குத்தான் மதிப்பு.

கையைப் பழக்க பாக்ஸ் ட்ரெய்னர் இருக்கிறது: மூடிய பெட்டி, உள்ளே கேமரா, இரண்டு நீளக் கருவிகள். வளையங்களை ஒரு முளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, துணியில் வரைந்த வட்டத்தை வெட்டுவது, உள்ளேயே முடிச்சுப் போடுவது எனப் பயிற்சி போகும். பிடியை இடப்பக்கம் அசைத்தால் நுனி வலப்பக்கம் போகும், திரையில் ஆழம் தெரியாது, தொடுவுணர்வு மங்கும். முதல் வாரங்களில் எல்லோருக்கும் சொதப்பும். அதை வைத்து ‘கை வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பலர் இடது கையைச் சும்மா வைத்திருப்பார்கள். அதை முதலிலேயே திருத்த வேண்டும்.

அத்தனை ஆண்டுகள் வேண்டாம், கருவிகள்தான் பிடிக்கும் என்றால் அறுவை அரங்கத் தொழில்நுட்பமோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோ பார்க்கட்டும். உள்ளே இடம் கிடைக்க வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயுவை 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிறுத்தும் இயந்திரத்தைப் பராமரிப்பது அவர்கள் பொறுப்பு. திசுவைச் சுட்டு வெட்டும் மின்கருவியின் மின்காப்பு மேலுறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் குடலைச் சுட்டுவிடும். அதை முன்கூட்டியே சோதித்துக் கண்டுபிடிப்பதும் அவர்கள்தான்.